பாலத்துக்கு அந்தப் பக்கம்: தாக்கேட்டா என்றதும் ஏன் முகம் மாறுகிறது?

1. தையல்காரம்மா

எல்லோருக்கும் வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அவர்கள் ரங்கூன் நகரத்துக்குள்ளே போட்டதாவுங் பக்கத்துக் குடும்பம், நாங்கள் ஓடைப் பாலம் தாண்டித் தாக்கேட்டாவில். பையன் ஒரு சரக்கு ஆபீசில் கணக்கு எழுதுகிறான், நல்ல மாதிரியாகத்தான் தெரிகிறான். கேசரி, வடை எல்லாம் சாப்பிட்டார்கள். பெண்ணைப் பிடித்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. கிளம்பும்போது பையனுடைய அத்தை செருப்பை மாட்டிக்கொண்டே, "எல்லாம் சரிதான்... ஆனா தாக்கேட்டாவா" என்று இழுத்தார். முதலில் கூப்பிட்ட டாக்ஸிக்காரன் பாலம் தாண்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டானாம். அதை மட்டும் மூன்று தடவை சொன்னார்.

நான் 1968-இல் இதே தெருவில் பிறந்தவள். இருபத்தேழு வருஷமாக இதே தெருவில் தைக்கிறேன். இங்கே யாருடைய இடுப்பு எத்தனை அங்குலம் என்பதுகூட எனக்கு மனப்பாடம். ஆனால் "உங்க ஊர் எப்படி?" என்று அந்த அம்மா கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ரௌடிப் பேட்டை என்கிறவர்களோடு சண்டைக்குப் போகத் தோன்றுகிறது. ரொம்ப நல்ல ஊர் என்கிறவர்களையும் நம்பத் தோன்றவில்லை. அடுத்த மாதம் மறுபடி வருகிறார்களாம். இங்கே இருக்கிறவர்கள், இருந்துவிட்டுப் போனவர்கள், எல்லோரும் சொல்லுங்கள். இனிப்பாக எழுத வேண்டாம்.

2. பாலத்தடி

அக்கா, அந்த அத்தைக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கிறது: நாங்களாக யாரும் இங்கே வரவில்லை, அவர்கள் ஊர்தான் எங்களை அனுப்பிவைத்தது.

1948-இல் சுதந்திரம் கிடைத்த கையோடு உள்நாட்டுச் சண்டை ஆரம்பித்துவிட்டது. கிராமத்தை விட்டு ஓடி வந்தவர்கள் ரங்கூனில் காலியாகக் கிடந்த மூலையிலெல்லாம் குடிசை போட்டார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நம் ஆட்கள், கைவண்டி இழுத்தவர்கள் சிலரும் அதே குடிசைகளில்தான் இருந்தார்கள். 1958 கடைசியில் ஜெனரல் நே வின் தலைமையில் காபந்து அரசு வந்தது. "நகரத்தைச் சுத்தம் செய்கிறோம்" என்று குடிசைகளைப் பிரித்து, 1959 வாக்கில் ஜனங்களை மூன்று புது ஊர்களில் இறக்கினார்கள். வட ஒக்கலாப்பா, தென் ஒக்கலாப்பா, மூன்றாவது நம்முடையது. பசுன்டாவுங் ஓடைக்கு அப்பால், வயலும் சதுப்புமாகக் கிடந்த நிலம்.

தாத்தா கதையாகச் சொல்வார். குடிசையின் ஓலையைக்கூட உதறாமல் சுருட்டி லாரியில் போட்டார்களாம். இறங்கிய இடத்தில் நாலு மூங்கில் முளை அடித்திருந்ததாம். "இதுக்குள்ள உன் வீடு" என்று சொல்லிவிட்டு லாரி திரும்பிவிட்டது. முளைக்கு உள்ளேயும் முழங்கால் சேறு, வெளியேயும் முழங்கால் சேறு. வேலை மட்டும் பழைய இடத்திலேயே, துறைமுகத்தில். விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து நடப்பார்.

ஆக, நகரம் "வேண்டாம்" என்று கழித்த ஜனத்தைக் கொண்டுவந்து கொட்டிய இடம் என்பதால் முதல் நாளிலேயே கெட்ட பேர். அந்தப் பேர் போகவே இல்லை. இத்தனைக்கும் ஊருக்கு வைத்த பேர் என்ன தெரியுமா? பாலியில் சாகேத. நம்ம சாகேதம்தான், அதாவது அயோத்தி.

3. சின்னமீசை

அட, இது புதுசு! நம்ம ஆட்களை வனவாசத்துக்கு அனுப்பிவிட்டு, அனுப்பிய காட்டுக்கு அயோத்தி என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

அக்கா, முதலைப் பண்ணை இருக்கிற விஷயத்தை மட்டும் அந்த அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள்.

4. வியாசர்பாடிக்காரன்

சென்னையிலிருந்து எழுதுகிறேன். நான் தாக்கேட்டாவைப் பார்த்ததில்லை. அப்பா 1965-இல் கப்பலேறி வந்தவர். அதற்கு முந்தைய வருஷம் மே மாதத்தில் ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததில் கடை முதல் பாதிக்கு மேல் போய்விட்டது. மீதிப் பாதியோடு கடையே அரசாங்கத்திடம் போனது. இங்கே வந்து பர்மா பஜாரில் ஒரு பெஞ்சு போட்டு வியாபாரம் பண்ணினார்.

எங்கள் பகுதியில் இன்றும் சாயங்காலமானால் தள்ளுவண்டியில் அத்தோ, பேஜோ என்கிற பர்மாப் பலகாரங்கள், கூடவே வாழைத்தண்டு சூப். அப்பா சாகும்வரை சொன்னது ஒன்றுதான்: "தாக்கேட்டாவுல கதவே பூட்ட மாட்டோம்." யார் வீட்டில் குழம்பு கொதித்தாலும் ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டுக்குப் போகுமாம். பர்மியர், தமிழர், தெலுங்கர், சீனர் என்று பார்க்காமல் ஒரே குடும்பமாக இருந்தார்களாம். அப்படிப்பட்ட ஊரைப் பற்றி முகம் சுளிக்கிறார்கள் என்றால் வருத்தமாக இருக்கிறது.

வியாசர்பாடி என்று சொன்னால் சென்னையிலும் முகம் மாறும் என்பது வேறு விஷயம்.

5. குடத்துக்காரி

வியாசர்பாடி அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். கதவைப் பூட்டவில்லை என்று உங்கள் அப்பா சொன்னார், சரி. பூட்டுப் போட உள்ளே என்ன இருந்தது என்று உங்கள் பாட்டி சொல்லியிருப்பார்.

ஆண்கள் இந்த ஊரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் டீக்கடையும் கால்பந்தும்தான் வரும். நான் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். என் பத்து வயதில் ஆரம்பித்துக் கல்யாணம் ஆகும்வரை தினமும் குளத்துக்குப் போனேன். மூங்கில் காவடியில் முன்னால் ஒரு டின், பின்னால் ஒரு டின். குடிக்க மட்டும் குளத்துத் தண்ணீர். குளிக்க, துவைக்கக் குழாய்க்கிணறு. அந்தத் தண்ணீர் அடித்த நிமிஷம் கண்ணாடியாக இருக்கும், அரை மணி நேரம் வைத்தால் டீ நிறம். வெள்ளைச் சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளில் தாக்கேட்டாப் பிள்ளை எது என்று நகரத்து வாத்தியார் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். சட்டை முழுக்கத் துரு மஞ்சள். எங்கள் வகுப்பில் எனக்கு வைத்த பட்டப்பேர் "இரும்பு".

மழைக்காலத்தில் ஓடையில் ஏற்றம் வந்தால் சாக்கடை நீர் எதிர்த்துக்கொண்டு வீட்டுக்குள் வரும். கட்டிலின் நாலு காலுக்கும் செங்கல் வைப்போம். எந்தச் செங்கல் எந்தக் காலுக்கு என்றுகூட எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் தரை சமமாக இருக்காது.

ஊரின் குணம் என்று தேடினால் எனக்கு இதுதான் முதலில் கைக்கு வருகிறது. தோள்பட்டையில் இன்னும் தழும்பு இருக்கிறது. இருபது லிட்டர் பாட்டில் வாங்குகிற வசதி வந்த பிறகுதான் நான் இந்த ஊரை விரும்பவே ஆரம்பித்தேன். அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

6. வியாசர்பாடிக்காரன்

கோபமெல்லாம் இல்லை, அக்கா. பாட்டி தண்ணீரைப் பற்றிப் பேசியதாக நினைவில்லை. ஆனால் சென்னையில் குழாயடியில் சண்டை வந்தால் பாட்டிதான் முதல் ஆள். இப்போது புரிகிறது.

7. கொல்லைக்கொத்து

நான் கொத்தனார். முப்பது வருஷமாக இந்த ஊரில்தான் சுவர் எழுப்புகிறேன். குணம், மனசு என்றெல்லாம் பேசுகிறீர்கள். எனக்குத் தெரிந்து ஊரின் குணம் மனையின் அளவிலும் சுவரின் கனத்திலும் இருக்கிறது.

பாருங்கள். எங்கள் தெருவில் முதலில் அளந்து கொடுத்தது நாற்பதுக்கு அறுபது அடி. ஒரு தனி ஓலைக் குடிசை, சுற்றிலும் முருங்கை, வாழை. அது தாத்தா காலம். அப்பா காலத்தில் அண்ணன் தம்பி பிரித்து இருபதுக்கு அறுபது. எங்கள் காலத்தில் முன்னால் வீடு, பின்னால் பத்துக்குப் பன்னிரண்டில் வரிசையாக நாலு வாடகை அறை, அந்த நாலுக்கும் சேர்த்து ஒரு கக்கூஸ், ஒரு தண்ணீர்த் தொட்டி. அறைக்கும் அறைக்கும் நடுவே மூங்கில் தட்டி. காசு இருந்தால் கீழே இடுப்பளவு செங்கல், மேலே பலகை. பக்கத்து அறையில் ஒருவன் புரண்டு படுத்தால் இந்த அறைக் குழந்தை விழிக்கும்.

நகரத்துக்குள்ளே போய்ப் பாருங்கள். பன்னிரண்டரைக்கு ஐம்பது அடியில் ஒரே நீளமாகக் குகை மாதிரி வீடு. ஐந்தாம் மாடியிலிருந்து கயிறு தொங்கும், நுனியில் கிளிப். பேப்பர்காரன் கிளிப்பில் மாட்டி மணியை ஆட்டுவான், மேலே இழுத்துக்கொள்வார்கள். மனுஷனை மனுஷன் பார்க்க வேண்டியதே இல்லை. அவர்கள் மரியாதைக்காரர்கள் என்பதால் ஒதுங்கி இருக்கவில்லை, நாங்கள் பாசக்காரர்கள் என்பதால் ஒட்டி இருக்கவும் இல்லை. அவர்கள் சுவர் செங்கல், எங்கள் சுவர் தட்டி. அவ்வளவுதான் விஷயம்.

அப்புறம், பெண் வீட்டுக்கு ஒரு வார்த்தை. இங்கே பல மனைகளுக்கு இன்னும் பழைய பெர்மிட்தான், அதுவும் செத்துப்போன தாத்தா பேரில். ஊர் எப்படி என்று கேட்கிற சம்பந்தி அதைத்தான் சுற்றி வளைத்துக் கேட்கிறாரா என்று பாருங்கள்.

8. தையல்காரம்மா

கொத்தனார் அண்ணே, எங்கள் பெர்மிட் என் மாமனார் பேரில். இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

9. கொல்லைக்கொத்து

எல்லோருடையதும் மாமனார் பேரில்தானே அம்மா இருக்கிறது.

10. சீட்டுப்பிள்ளை

சுவர் மட்டும்தான் காரணம் என்கிற கட்சியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1987-இல் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மா தெருவில் சீட்டுப் போட்டிருந்தார். பன்னிரண்டு பெண்கள். தமிழ்ப் பெண்கள் ஐந்து பேர், மற்றவர்கள் பர்மியர், ஒரு சீனத்து அம்மா. ஆகஸ்டில் குலுக்கலில் அம்மா பேர் வந்தது. அப்பாவுக்கு ஒரு சைக்கா சொந்தமாக வாங்குவதற்கான பணம். (வெளியூர்க்காரர்களுக்கு: சைக்கிளுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் முதுகோடு முதுகு ஒட்டி உட்காருகிற வண்டி.) அதுவரை அப்பா வாடகை வண்டிதான் மிதித்தார். பணம் முழுக்க எழுபத்தைந்து சாட் நோட்டும் முப்பத்தைந்து சாட் நோட்டும். அம்மா அதை அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தார். நல்ல நாள் பார்த்து வாங்கலாம் என்று மூன்று வாரம் தள்ளிப் போட்டதுதான் தப்பு.

செப்டம்பர் 5, சனிக்கிழமை. இருபத்தைந்து, முப்பத்தைந்து, எழுபத்தைந்து மூன்றும் செல்லாது. 1985-இல் நோட்டை ஒழித்தபோதாவது ஓரளவுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். இந்தத் தடவை அதுவும் இல்லை. அப்புறம் ஒன்பதால் வகுபடுகிற மாதிரி நாற்பத்தைந்து, தொண்ணூறு என்று புது நோட்டு வந்தது. பானையை அம்மா கவிழ்த்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அழவில்லை. நோட்டுகளை எண்ணினார். எண்ணி முடித்து மறுபடி எண்ணினார்.

இரண்டு நாள் கழித்து சீனத்து அம்மா வீட்டு வாசலில் கூடினார்கள். எல்லோருக்கும் நஷ்டம், ஆனால் மொத்தத்தையும் ஒரே இடத்தில் வைத்திருந்தது என் அம்மா மட்டும்தான். கொஞ்ச நேரம் சத்தமாகச் சண்டை. மீதி இருந்த சீட்டுகளில் தங்கள் முறை என்னாகும் என்று இரண்டு பேர் கத்தினார்கள், அதில் நியாயமும் இருந்தது. கடைசியில் பழைய சீட்டை அப்படியே மூடிவிட்டு, புதுச் சீட்டு, பாதித் தொகை, முதல் முறை குலுக்காமல் என் அம்மாவுக்கு என்று முடிவானது. ஒருத்தி மட்டும் ஒத்துக்கொள்ளாமல் விலகிப் போனாள். அம்மா அவளோடு சாகும்வரை பேசவில்லை.

சைக்கா 1989-இல்தான் வந்தது, அதுவும் பழைய வண்டி. ஆனாலும் வந்தது. தட்டிச் சுவர் இதைச் செய்யுமா, கொத்தனாரே?

11. கொல்லைக்கொத்து

செய்யும். உங்கள் அம்மா பானையைக் கவிழ்த்த சத்தம் பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

12. மீ லா பீ

என் புனைபெயருக்கு விளக்கம் கேட்பவர்களுக்கு: "கரண்ட் வந்துடுச்சு" என்று பர்மியத்தில் கத்துவது. நாலு மணி நேரம் கரண்ட், எட்டு மணி நேரம் இருட்டு என்று முறை வைத்து விடும்போது, வருகிற அந்த நொடியில் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை "மீ லா பீ!" என்று ஓடும். நானும் கத்துவேன். ஐம்பது வயது ஆள், வீட்டில் தனியாக இருந்தாலும் கத்துவேன். அடுத்த விநாடி தெரு முழுக்கத் தண்ணீர் மோட்டார் உறுமும். எல்லோரும் ஒரே நேரத்தில் போடுவதால் அழுத்தம் குறைந்து யாருக்கும் தண்ணீர் ஏறாது. தாக்கேட்டாவின் குணத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

2008 மே மாதம் நர்கீஸ் புயல் அடித்தபோது தகரக் கூரைகள் தெருவில் சீட்டுக்கட்டு மாதிரி பறந்தன. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த நாட்களில் யார் வீட்டு ஜெனரேட்டர் ஓடுகிறதோ அந்த வீட்டு வாசலில் ஊரே குடத்தோடு நிற்கும். எங்கள் தெருவில் ஜெனரேட்டர் வைத்திருந்த ஆள் முதல் நாள் இலவசமாகக் கொடுத்தார். இரண்டாம் நாள் டீசலுக்குக் காசு கேட்டார். மூன்றாம் நாள் டீசலுக்கு மேலேயும் கேட்டார். இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறார், இன்னும் எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

13. பாய்க்கடை

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். இனிப்பாக எழுத வேண்டாம் என்று அக்கா சொன்னதால் எழுதுகிறேன்.

2017 ஏப்ரல் கடைசியில் இங்கே ஒரு கூட்டம் வந்து நின்று கத்தியது. இரண்டு மதரஸாக்களை இழுத்து மூடினார்கள். என் தம்பி மகன் ஓதியது அதில் ஒன்றில்தான். அந்த வருஷ ரமலானில் கொஞ்சப் பேர் தெருவிலேயே பாய் விரித்துத் தொழுதார்கள். அதுவும் பிரச்சினையாயிற்று.

கூட்டத்தில் நின்றவர்களில் பாதிக்கு மேல் தெரியாத முகங்கள். அது எனக்குப் பெரிய வலி இல்லை. தெரிந்த முகங்கள் என்ன செய்தன? ஜன்னலைச் சாத்திக்கொண்டன. முப்பது வருஷப் பழக்கம். என் கடையில் கடன் நோட்டு வைத்திருக்கிற வீடுகள். எந்த ஜன்னல் முதலில் சாத்தியது, எது இரண்டாவது என்றுகூட எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் அதே ஜன்னல் ஒன்றிலிருந்து "மாமா, ஒரு தீப்பெட்டி" என்று கூப்பிட்டார்கள். கொடுத்தேன். வேறென்ன செய்வது? கடன் நோட்டிலும் எழுதிக்கொண்டேன்.

ஒரே ஒரு ஆள், மொஹிங்கா (மீன் குழம்பு ஊற்றிய சேமியா) விற்கிற பர்மியக் கிழவி, அன்று இரவு எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். ஒன்றும் பேசவில்லை. குன்யா மென்றுகொண்டு பதினொரு மணிவரை இருந்தாள். திண்ணை ஓரத்தில் வெற்றிலை எச்சில் கறை, அப்புறம் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

14. வியாசர்பாடிக்காரன்

"ஒரே குடும்பம்" என்று எழுதியதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், பாய்.

15. பாய்க்கடை

வேண்டாம் தம்பி. குடும்பத்திலும் ஜன்னல் சாத்துகிறவர்கள் உண்டுதானே.

16. ஃபெரி அஞ்சு மணி

நான் இப்போது தாய்லாந்தில், மீன் பதப்படுத்தும் ஆலையில் இருக்கிறேன். ஊரில் கார்மென்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் கம்பெனி ஆட்களை ஏற்றிப் போகிற வண்டிக்கு ஃபெரி என்றுதான் பேர். காலை அஞ்சு மணிக்கு ஆயெயார்வுன் ரோட்டில் வந்து நிற்கும். இருட்டில் பெண்கள் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய முகத்தோடு, மூன்றடுக்குச் சோற்றுத் தூக்கைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். முகம் மட்டும்தான் மஞ்சளாகத் தெரியும். தாக்கேட்டா என்றால் எனக்கு அதுதான்.

2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமல்படுத்துவதாக அறிவித்த பிறகு எங்கள் தெருவில் பதினெட்டிலிருந்து முப்பத்தைந்துக்குள் இருந்த பையன்கள் பாதிப் பேர் இல்லை. இருக்கிறவர்களும் வெளியே தலைகாட்டுவதில்லை. கால்பந்து மைதானத்தில் துணி காய்கிறது என்று அம்மா சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் ரௌடிப் பேட்டை என்று பயப்பட வேண்டாம், அக்கா. ரௌடியாகிற வயசில் அங்கே ஆளே இல்லை.

17. குடத்துக்காரி

தம்பி, பத்திரமாக இரு. அம்மாவுக்குத் தண்ணீர் பாட்டில் தூக்க ஆள் இல்லையென்றால் எனக்குத் தனியாக எழுது. தெரு பேரை இங்கே போடாதே.

18. தையல்காரம்மா

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நானும் ஒன்று சொல்ல வேண்டும். ஆள் அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்.

ராத்திரி தங்குகிற விருந்தாளியை வார்டு ஆபீசில் பதிய வேண்டும் என்கிற பழைய சட்டத்தை 2016-இல் எடுத்துவிட்டார்கள். 2021 பிப்ரவரியில் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஏ சாயின் என்போம். 66/6 படிவத்தில், அதாவது வீட்டு ஆட்கள் பட்டியலில், பேர் இருக்கிறவர்களைத் தவிர யார் படுத்தாலும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு தடவை என் அக்கா மகன் வெளியூரிலிருந்து வந்தான். ஒரு ராத்திரிதானே என்று விட்டுவிட்டேன். ஒன்பதரை மணி இருக்கும். தட்டிச் சுவரில் டொக், டொக், டொக் என்று மூன்று தடவை. பக்கத்து வீட்டு அம்மா கரண்டிக் காம்பால் தட்டுகிறாள். எங்களுக்குள் அது ஒரு பழைய அடையாளம். எப்போதோ எலி வந்தால் சொல்வதற்காக ஆரம்பித்தது. பையன் கொல்லைப் பக்கமாக அவள் வீட்டுக்குப் போனான். இரண்டு நிமிஷத்தில் வாசலில் நூறு வீட்டுத் தலைவரும் கூட மூன்று பேரும். கட்டிலைப் பார்த்தார்கள். தலையணையைப் பார்த்தார்கள். வெட்டிப் போட்டிருந்த துணியைக்கூடத் தூக்கிப் பார்த்தார்கள். "மூணு டீ டம்ளர் எதுக்கு?" என்று கேட்டார்கள். நான் ரெண்டு தடவை குடிப்பேன் என்றேன்.

என் வீட்டுக்கு ஆள் வந்திருப்பதைப் போய்ச் சொன்னது யார் என்றும் எனக்குத் தெரியும். இதே தெருதான். அதற்கு அடுத்த மாதம் அந்த வீட்டு மருமகளுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தேன். அளவு சரியாகத்தான் தைத்தேன்.

இப்போது கொத்தனார் அண்ணன் சொன்ன சுவரை நினைத்தால் சிரிப்பு வருகிறது. கரண்டியால் தட்டினதும் அதே சுவர். காது வைத்துக் கேட்டதும் அதே மாதிரி ஒரு சுவர்தான். சீட்டுப்பிள்ளை தம்பியின் அம்மாவுக்குக் கை கொடுத்த பெண்களும், பாய் வீட்டுக்கு எதிரே ஜன்னல் சாத்தியவர்களும் வேறு வேறு ஆட்கள் இல்லை. ஒரே ஆட்கள், வேறு வேறு ராத்திரி. இதை அந்த அத்தையிடம் எப்படிச் சொல்வது?

19. சின்னமீசை

சொல்லாதீர்கள் அக்கா. கேசரியில் நெய்யைக் கூட்டிப் போடுங்கள்.

20. பாலத்தடி

சொல்லலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பெண் அங்கே போய் ஐந்தாம் மாடியில், கிளிப் கயிற்றுக்குப் பக்கத்தில் இருக்கப்போகிறாள். அவள் சுவரைத் தட்டினால் அந்தப் பக்கம் யாராவது கேட்பார்களா என்று அந்த அத்தையிடம் நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்.

21. கொல்லைக்கொத்து

செங்கல் சுவர். ஒன்பது அங்குலம். கேட்காது.

22. தையல்காரம்மா

எல்லோருக்கும் நன்றி. நேற்று அவர்கள் வந்துவிட்டுப் போனார்கள், எழுதிவிடுகிறேன்.

காலையிலிருந்து மழை. ஓடையில் ஏற்றம். பாலம் தாண்டித் திரும்புகிற இடத்தில் தண்ணீர் நின்றதால் டாக்ஸி அவர்களை அங்கேயே இறக்கிவிட்டது. போன் பண்ணினார்கள். நான் போவதற்குள் நம் தெரு சைக்காக்காரர் ஒருவர் அத்தையை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார், பையனும் அவன் அப்பாவும் பின்னால் நடந்து. தமிழ் பேசுகிற பர்மியர் அவர். அத்தை இறங்கினார். புடவைக் கரை நனையவில்லை. முகம் மட்டும் ஒரு மாதிரி இருந்தது.

என்ன ஆயிற்று என்றால், அந்தப் பதினைந்து நிமிஷத்தில் சைக்காக்காரர் எங்கள் குடும்பச் சரித்திரத்தை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். என் பெண் பத்தாவதில் எத்தனை பாடத்தில் டி (டிஸ்டிங்ஷன்) வாங்கினாள் என்பது, நான் தைத்துக் கடனை அடைத்தது, என் வீட்டுக்காரருடைய ஆஸ்பத்திரிச் செலவு, என் தம்பி தீன்ஜான் தண்ணீர்த் திருவிழாவில் குடித்துவிட்டுச் சாக்கடையில் விழுந்தது, அவனைத் தூக்கியது தான்தான் என்பது. பெர்மிட் மாமனார் பேரில் இருப்பதையும் சொல்லியிருக்கிறார். காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கேசரி மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

அத்தை உட்கார்ந்து முதலில் கேட்டது, "உங்க தம்பி இப்ப குடிக்கிறதில்லையே?"

இல்லை என்றேன். பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பர்மியத்தில், "எப்பவாவது" என்றாள். அத்தைக்குப் பர்மியம் நன்றாகத் தெரியும். சிரித்துவிட்டார். பையன் அப்பா சிரிக்கவில்லை. பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று போயிருக்கிறார்கள்.

மிச்சத்தை அப்புறம் எழுதுகிறேன். கரண்ட் வந்துவிட்டது, மற்றவர்கள் போடுவதற்குள் மோட்டார் போட வேண்டும்.

23. மீ லா பீ

நான் போட்டாச்சு.